பெர்லினில் எங்கே சாப்பிடுவது? நம்பிக்கைகளும் உண்மைகளும்

"ஜெர்மனியில் சாசேஜும் உருளைக்கிழங்கும் தவிர வேறென்ன கிடைக்கும்?" பெர்லினுக்குப் பெட்டி கட்டும்போது வீட்டில் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டுவிடுவார். உடனே பருப்புப் பொடியும் உப்புமா மிக்ஸும் பெட்டிக்குள் போகும். போகட்டும், முதல் நாள் காலைக்கு உதவும். ஆனால் அந்த நினைப்பை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.

பெர்லினில் நல்ல சாப்பாடு எங்கே என்று கேட்பதும், யார் எப்போது வந்து எந்தப் பேட்டையில் குடியேறினார்கள் என்று கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விதான். இது இன்று நேற்று தொடங்கியதல்ல. பிரான்சில் மத ஒடுக்குமுறைக்குத் தப்பி ஓடிய புராட்டஸ்டன்டுகளுக்கு 1685இல் பிரான்டன்பர்க் அரசு கதவைத் திறந்தது. 1700 வாக்கில் பெர்லின்வாசிகளில் ஐந்தில் ஒருவர் அவர்கள். 1961இல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஆள் சேர்ப்பு ஒப்பந்தம் போட்டது. வந்த தொழிலாளர்களுக்குக் கட்டுப்படியான வாடகையில் வீடு கிடைத்த இடம், பெர்லின் சுவரை ஒட்டிக் கிடந்த கிராய்ட்ஸ்பெர்க். கிழக்கு ஜெர்மனி 1980இல் வியட்நாமோடு இதேபோல ஒப்பந்தம் செய்தது. அதன் தொடர்ச்சியை லிச்டென்பெர்க்கில் பார்க்கலாம்: பழைய தொழிற்பேட்டையில் டோங் ஷுவான் என்ற வியட்நாமியச் சந்தை. பெரிய கிடங்குக் கூடங்களில் துணிக்கடை, பாத்திரக்கடைகளுக்கு நடுவே ஆவி பறக்கும் 'ஃபோ' நூடுல்ஸ் சூப் விற்கிறார்கள். நொய்க்கோல்னின் ஸோனன் அலே சாலையில் முதலில் லெபனானியர், பாலஸ்தீனர். 2015க்குப் பிறகு சிரியர்கள். ஷார்லாட்டன்பர்க்கின் காண்ட் தெருவிலோ சீன, தைவானிய, தாய் உணவகங்கள். இந்த நான்கு இடங்களையும் தெரிந்து வைத்திருப்பவர் பிரான்டன்பர்க் வாயில், செக்பாயின்ட் சார்லி போன்ற சுற்றுலா இடங்களின் பக்கத்தில் பசியோடு அலைய வேண்டியதில்லை. அங்கே விலையில் பாதி இடத்துக்கான வாடகை என்றே வைத்துக்கொள்ளலாம்.

டோனர் கபாப் விஷயத்தில் இரண்டு நம்பிக்கைகள் மோதிக்கொள்கின்றன. அது துருக்கியிலிருந்து அப்படியே வந்தது என்பார் ஒருவர். பெர்லினில்தான் பிறந்தது என்பார் இன்னொருவர். செங்குத்துக் கம்பியில் இறைச்சியைச் சுழலவிட்டுச் சீவும் முறை 19ஆம் நூற்றாண்டு ஒட்டோமான் நாட்டிலேயே இருந்தது. பர்ஸா நகரம் அதற்குப் பேர்போனது. கையில் பிடித்துத் தின்னும்படி ரொட்டிக்குள் வைத்து, 1972இல் மேற்கு பெர்லினின் ஸூ ரயில் நிலையம் அருகே விற்றவர் காதிர் நூர்மான். இந்தப் பெருமைக்குப் போட்டியாளர்களும் உண்டு. அவரே அதற்கு உரிமை கோரி அடம்பிடித்ததில்லை. முட்டைக்கோஸ், வெங்காயம், பூண்டு சாஸ், கார சாஸ் எல்லாம் அடைத்த இன்றைய வடிவம் மட்டும் சந்தேகமில்லாமல் பெர்லின் சரக்கு.

நல்ல டோனரை அடையாளம் காண வரிசையின் நீளத்தைப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. மேரிங்டாம் சாலையில் ஒரு புகழ்பெற்ற கடை முன்னால் ஒரு மணி நேரம்கூட நிற்கிறார்கள். பயண நூல்களில் பெயர் வந்தால் வரிசை தானாக நீளும், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது கம்பியை: துண்டு துண்டாக அடுக்கிய இறைச்சி தெரிகிறதா, அல்லது வழவழவென்று ஒரே பிண்டமா? ஜெர்மன் உணவு நெறிமுறைப்படி டோனரில் கொத்துக்கறி 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்தப் பெயரில் விற்க முடியாது. பலகையில் டோனர் என்றில்லாமல் 'ட்ரேஷ்பீஸ்' (சுழல்கம்பி இறைச்சி) என்று எழுதியிருந்தால் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

கறிவுர்ஸ்ட் ஏதோ பழைய பிரஷ்ய மரபு என்ற எண்ணமும் தவறு. 1949 செப்டம்பர் 4 அன்று, போர் முடிந்து நொறுங்கிக் கிடந்த ஊரில், ஹெர்ட்டா ஹாய்வர் என்ற பெண்மணி தன் சாசேஜ் கடையில் தக்காளி சாஸில் கறிப்பொடி கலந்து ஊற்றியதாக வரலாறு. அந்தப் பொடி தமிழ் அடுப்படி எதையும் நினைவூட்டாது. கிழக்கு பெர்லினில் அதைப் பரப்பியது, எபர்ஸ்வால்டர் தெரு நிலையத்தருகே ரயில் பாலத்தடியில் இருக்கும் கொன்னோப்கே கடை. இன்றும் அங்கே நின்றபடி சாப்பிடலாம்.

"மிகப் பழைய உணவகத்தில்தான் அசல் ருசி." 1621 முதல் மதுக்கடையாக இருந்ததாகச் சொல்லும் 'ட்சுர் லெட்ஸ்டன் இன்ஸ்டன்ஸ்' உணவகத்துக்குப் பயணிகள் இதை நம்பித்தான் போகிறார்கள். நெப்போலியன் அங்கே உட்கார்ந்தார் என்ற கதையும் கூடவே வரும். கட்டடம் உலகப் போரில் சிதைந்து 1960களில் திரும்பக் கட்டப்பட்டது. பன்றிக்கால் அவியல் வேண்டுமானால் தாராளமாகப் போகலாம். நெப்போலியனுக்காகப் போக வேண்டாம்.

சைவர்கள் பட்டினி கிடப்பார்கள் என்பது எல்லாவற்றிலும் பெரிய கட்டுக்கதை. மரக்கறி மட்டுமே சமைக்கும் 'குக்கீஸ் கிரீம்' உணவகம் 2017இல் மிஷலின் நட்சத்திரம் வாங்கியது. பேரன் தெருவுக்குப் பின்னால், சரக்கு இறக்கும் சந்துக்குள் அதன் வாசல் இருக்கிறது. கண்டுபிடிப்பதே ஒரு வேலை. கையில் காசு குறைவு என்றால் ஃபலாஃபல் என்ற கொண்டைக்கடலை வடை. சூடானியக் கடைகளில் அதன்மேல் நிலக்கடலை சாஸ் ஊற்றித் தருவார்கள், விடக்கூடாத ருசி. ஏமாற வாய்ப்புள்ள இடம் பாரம்பரிய ஜெர்மன் உணவகம்தான். வறுத்த உருளைக்கிழங்கிலும் பருப்பு சூப்பிலும் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் கிடக்கலாம். கேட்காமல் வாங்கக் கூடாது.

இந்திய உணவகம் கண்ணில் பட்டால் பிழைத்தோம் என்று நினைப்பவர்களும் உண்டு. பெர்லினில் இந்திய உணவகங்களுக்குக் குறைவில்லை. பெரும்பாலானவற்றில் கிடைப்பது கிரீமும் இனிப்பும் தூக்கலாக, ஜெர்மன் நாக்குக்கு ஏற்பத் தணித்த வடஇந்தியக் குழம்பு. காரம் வேண்டுமென்று சொன்னால் சில இடங்களில் பலிக்கும். 1980களில் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி மேற்கே அடைக்கலம் தேடிய ஈழத் தமிழர்கள் பலர். அவர்களது சமையல் இந்த உணவகப் பட்டியல்களில் அரிதாகவே எட்டிப் பார்க்கிறது.

இனி நடைமுறை விஷயங்கள். ஞாயிறு எல்லாம் மூடிக் கிடக்கும் என்று பயமுறுத்துவார்கள். மூடுவது கடைகள், உணவகங்கள் திறந்திருக்கும். வார விடுமுறையாகப் பலர் எடுப்பது திங்கள்கிழமை. குழாய்த் தண்ணீர் குடிக்கத் தரமானது என்றாலும் மேசைக்குத் தானாக வராது. தண்ணீர் என்றால் காசுக்குப் பாட்டில்தான் வரும். வாயு கலந்ததா, கலக்காததா என்பதையும் சொல்லியாக வேண்டும். சின்னக் கடைகள் சில அட்டையை வாங்காது. கொஞ்சம் ரொக்கம் அவசியம். நல்ல உணவகங்களில் பட்ஜெட் இடிக்கும் என்பவர்கள் வார நாள் மதியம் போகலாம். 'மிட்டாக்ஸ்டிஷ்' என்ற மதியப் பட்டியலில் ராத்திரி விலையை விடக் குறைவு. டிப்ஸ் 5 முதல் 10 சதவீதம். மேசையில் சில்லறையை வைத்துவிட்டு எழுந்து வருவது அங்கே வழக்கமில்லை: பில் 28 யூரோ வந்தால், பணத்தை நீட்டும்போதே "முப்பது" என்று சொல்லிவிட்டால் போதும், மீதி பரிமாறியவருக்கு.