ரயிலுக்கு அசையாத நாய் வெடிக்கு ஏன் நடுங்குகிறது?

கேள்வி: எங்கள் வீடு ரயில்வே கேட்டை ஒட்டி இருக்கிறது. ராத்திரி பகல் பாராமல் ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். எங்கள் நாய் மணி காதைக்கூட அசைக்க மாட்டான். ஆனால் தெருவில் ஒற்றை வெடி வெடித்தால் போதும், கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு நடுங்குகிறான். எச்சில் ஒழுகுகிறது, சோற்றைத் தொடுவதில்லை. வருஷத்துக்கு வருஷம் மோசமாகிறதே தவிரப் பழகின பாடில்லை. பேசாமல் பட்டாசையே தடை செய்துவிட்டால் என்ன என்று கேட்டால், "நாய்க்காகத் தீபாவளியை நிறுத்தச் சொல்றியா?" என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். நீங்கள் யார் பக்கம், டாக்டர்?

– ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: குடும்பச் சண்டையில் தலையிட வைத்துவிட்டீர்கள், அம்மா. போகட்டும். ரயிலையும் வெடியையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்களே, அதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். தடை வேண்டுமா வேண்டாமா என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

"நாய்க்குக் காது ரொம்பக் கூர்மை, அதனால்தான் வெடிக்குப் பயப்படுகிறது" என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்ற அலகில் சொல்வோம். மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாய் 45,000 வரை, பூனை 60,000-ஐயும் தாண்டும். ஆனால் இது கீச்சுக் குரல் எவ்வளவு உச்சம் வரை போனால் கேட்கும் என்ற கணக்கு. வெடிச் சத்தத்துக்கு ஏன் குலை நடுங்குகிறது என்பதை இது விளக்காது. காதுக் கூர்மைதான் காரணம் என்றால் ரயில் ஹாரனுக்கே மணி ஊரைவிட்டு ஓடியிருக்க வேண்டும்.

ரயில் சொல்லிவிட்டு வருகிறது. தண்டவாளம் முன்கூட்டியே அதிரும், ஹாரன் தூரத்தில் கேட்டு மெல்ல வளரும், எப்போதும் ஒரே பாதையில் வந்து அதே பாதையில் தேயும். வெடிக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. அமைதியிலிருந்து உச்சத்துக்குச் சில மில்லி நொடிகளில் ஏறிவிடுகிறது. இப்படிச் சட்டென எகிறும் ஒலி, திடுக்கிடல் அனிச்சையைத் தூண்டும். யோசிப்பதற்கு முன்பே மூளைத்தண்டு உடம்பைத் தூக்கிப்போடுவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். எனக்கும் உங்களுக்கும்கூடத் தூக்கித்தான் போடும். அடுத்த கணம் "அட, எதிர்வீட்டுப் பையன்" என்று நாம் சமாதானமாகிவிடுகிறோம். மணிக்கு அந்த இரண்டாவது செய்தி வருவதே இல்லை. சத்தம் சுவர்களில் மோதி எதிரொலிப்பதால் எந்தத் திசையிலிருந்து வந்தது என்றும் தெரியாது. குரைத்தாலும் நிற்காது, ஓடினாலும் விடாது, அடுத்தது எப்போது என்றும் தெரியாது. நாயை உடைப்பது இந்தத் தெரியாமைதான். சத்தத்தின் அளவு அதைக் கூட்டும், அவ்வளவே.

பழகவில்லை என்கிறீர்கள். பழகாது. ஆபத்தில்லாத ஒன்று திரும்பத் திரும்ப வந்தால் உடம்பு அதைக் கண்டுகொள்ளாமல் விடும். மணி ரயிலுக்குப் பழகியது அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் கடும் பயத்தோடு வந்தால் நேர்மாறாக நடக்கும். நரம்பு மண்டலம் அடுத்த முறை இன்னும் சின்னச் சத்தத்துக்கே விழித்துக்கொள்ளும். இதற்குக் கூருணர்வாதல் என்று பெயர். "நாலு வெடியைப் பக்கத்தில் போடு, பயம் தெளியும்" என்று யோசனை சொல்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இனி தடைக்கு வருவோம். சட்டம் ஒன்றும் கைகட்டி நிற்கவில்லை. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்ற விதி 1999 முதல் இருக்கிறது. (டெசிபல் என்பது ஒலியின் வலிமையை அளக்கும் அலகு.) இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிப் பட்டாசு கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் சொன்னது. 2018-இல் சரவெடியைத் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்து, பண்டிகை நாளில் இரண்டு மணி நேரம் மட்டும் வெடிக்க விட்டது. நாம் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெடிப்பவர்கள் என்பதால், தமிழக அரசு அதைக் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று பிரித்துக்கொண்டது. இந்த நேரத்தை ஊர் எவ்வளவு மதிக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முழுத்தடையையும் பார்த்தாகிவிட்டது. 2017-இல் டெல்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் விற்பனைக்கே தடை வந்தது. தீபாவளி இரவில் வெடிச் சத்தம் கேட்கத்தான் செய்தது. அந்தத் தடைக்குக் காரணம் காற்று மாசு, நாய் அல்ல. ஆனால் மருத்துவனாக எனக்கு அதில் ஒரு கவலை உண்டு: தடைபட்ட வெடி அறிவித்த நேரத்தில் வெடிக்காது, கிடைத்த நேரத்தில் வெடிக்கும். மணிக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

யோசித்துப் பார்த்தால், தீபாவளியாவது காலண்டரில் இருக்கிறது. மணி காலண்டர் பார்க்க மாட்டான், நீங்கள் பார்ப்பீர்கள். நாலு நாள் முன்னதாகவே தயாராகலாம். சவ ஊர்வலத்தில் கொளுத்திப் போடும் வெடியும், கட்சித் தலைவரை வரவேற்கும் பத்தாயிரம் வாலாவும், கிரிக்கெட்டில் ஜெயித்த ராத்திரியின் ஆட்டம்பாமும் எந்தக் காலண்டரில் இருக்கின்றன? என்னைக் கேட்டால் முதலில் கட்டுப்படுத்த வேண்டியவை இவைதான். கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சங்குசக்கரம் எல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். சிவகாசியில் அவற்றை நம்பியும் அடுப்பு எரிகிறது. காலாபகஸ் தீவுகளில் 2018 இறுதியில் விலங்குகளுக்காகவே பட்டாசுக்குத் தடை போட்டார்கள். சத்தமில்லாத வாணங்களை மட்டும் விட்டுவைத்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், வந்து தங்கும் பறவைகளுக்காக மக்கள் பல ஆண்டுகளாகத் தாங்களாகவே பட்டாசு வெடிப்பதில்லை. அங்கே கண்காணிக்கப் போலீஸ் தேவைப்படவில்லை. ஆகவே வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: தீபாவளி இருக்கட்டும், குண்டு வெடிகளும் நேரங்கெட்ட வெடிகளும் போகட்டும் என்பது என் கட்சி. இருவருக்கும் பாதிப் பாதி.

மணிக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அன்று இருட்டுமுன்பே வெளியே கூட்டிப்போய் வாருங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும், மிரண்டு ஓடும் நாய்க்கு வீட்டு வழி மறந்துபோகும். ஜன்னலை மூடி, ஃபேனையும் டிவியையும் ஓடவிடுங்கள். கட்டிலுக்கடியில் போனால் இழுக்காதீர்கள், அது அவன் தேடிக்கொண்ட இடம். உங்களிடம் ஒண்டினால் தாராளமாகத் தடவிக் கொடுங்கள். அப்படிச் செய்தால் பயம் வளரும் என்பது இன்னொரு கட்டுக்கதை. பயம் ஓர் உணர்ச்சி. ஆறுதல் கிடைக்கிறதே என்று யாரும் கூடுதலாகப் பயப்படுவதில்லை.

நிரந்தரமாகக் குறைக்க வேண்டுமானால் ஆடியிலேயே தொடங்குங்கள். வெடிச் சத்தத்தைப் பதிவு செய்து, காதில் விழுந்தும் விழாத அளவில் வைத்து, அவனுக்குப் பிடித்த தீனியைக் கொடுங்கள். பயத்தின் அறிகுறி துளியும் தெரியாதபோது மட்டும் ஒரு படி சத்தம் கூட்டலாம். மாதக்கணக்கில் பிடிக்கும். அதற்குமுன் மூட்டு, முதுகில் வலி இருக்கிறதா என்று பரிசோதித்துவிடுங்கள். வலியுள்ள நாய்கள் சத்தத்துக்கு அதிகம் மிரளும். திடுக்கிடும்போது தசை இறுகி வலிக்க, சத்தமே வலி என்று முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

உங்கள் தூக்க மாத்திரையில் பாதியைக்கூடக் கொடுத்துவிடாதீர்கள். அசெப்ரோமசின் என்ற பழைய மயக்க மருந்தைத் தனியாகக் கொடுப்பதும் எனக்குச் சம்மதமில்லை. உடம்பு அசையாது, உள்ளே பயம் அப்படியே இருக்கும், பார்க்கிற நமக்குத்தான் நிம்மதி. பதற்றத்தையே குறைக்கும் மருந்துகள் இப்போது இருக்கின்றன. அவற்றை எடை பார்த்து மருத்துவர்தான் தர வேண்டும். வெடி இல்லாத ஒரு சாதாரண நாளில் ஒரு வேளை கொடுத்து, மணிக்கு எப்படி ஒத்துக்கொள்கிறது என்று பார்த்தாக வேண்டும். ஆகவே தீபாவளிக்கு முதல் நாள் மாலை கிளினிக்கை மூடும் நேரத்தில் வராமல், இரண்டு வாரம் முன்னதாகவே அழைத்து வந்துவிடுங்கள்.