துருவுக்குத் தடை: பவுடர் கோட்டிங் பற்றி வணிகர்கள் அறிய வேண்டியவை

மளிகைக் கடைக்கு முதலீடு என்றால் நாம் சரக்கைத்தான் கணக்குப் பார்க்கிறோம். அந்தச் சரக்கைத் தாங்கி நிற்கும் ரேக், கல்லா மேசை, ஷட்டர், கிரில், கூரைச் சட்டம், டெலிவரி வண்டியின் கேரியர் ஆகிய இரும்புச் சாமான்களை யாரும் முதலீடாக நினைப்பதில்லை. ஒரு முறை வாங்கிப் போட்டோம், முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். நாலைந்து ஆண்டில் ரேக்கின் கீழ்த் தட்டு செல்லரித்தது போல் ஆகி, மூட்டை வைத்தால் வளைகிறது. மறுபடியும் செலவு. இந்தச் செலவைக் குறைக்கும் வழி பற்றியதே இந்தப் பாடம்.

நம் பகுதியில் துரு ஏன் அதிகம்?

இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் ஈரமும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்காகும். தாம்பரத்திலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டருக்குள் கடல் வந்துவிடுகிறது. பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு உப்புக் காற்றைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் கடற்காற்று சற்றுக் குறைவென்றாலும் ஐப்பசி, கார்த்திகையின் ஈரம் எல்லோருக்கும் பொதுவானது. போதாக்குறைக்கு மளிகைக் கடைக்குள்ளேயே உப்பு இருக்கிறது. கல் உப்பு மூட்டை மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து நீர் விடும். அந்த நீர் இறங்கும் தட்டுதான் முதலில் துருப்பிடிக்கும். புளி, ஊறுகாய் இவற்றின் கசிவும் அப்படியே.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரை மீறி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. இத்தகைய வெள்ளத்தில் நனைந்த சரக்கைக் கொட்டிவிட்டு ரேக்கைத் துடைத்து மறுபடி நிறுத்தினால், அதன் குழாய்க் கால்களுக்குள் நின்ற தண்ணீர் உள்ளிருந்தே தின்னத் தொடங்கிவிடும். வெளிப்பூச்சு நன்றாக இருந்தாலும் உள்ளே பூச்சு இல்லாத இடத்தில் துரு வேலை செய்யும் என்பதை மனதில் கொள்ள வேண்டும்.

பவுடர் கோட்டிங் என்றால் என்ன?

சாதாரண ஈனாமல் பெயின்ட் திரவம். அதைக் கரைக்கச் சேர்க்கும் தின்னர் காற்றில் ஆவியாகிப் போக, மிச்சம் படலமாக நிற்கிறது. பவுடர் கோட்டிங்கில் தின்னரே கிடையாது. பிசினும் நிறமும் சேர்ந்த, மாவு போன்ற உலர்ந்த தூள்தான் பூச்சு. இம்முறையை 1950-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர் என்பவர் உருவாக்கினார். சூடேற்றிய உலோகத்தைக் காற்றால் மிதக்கவிட்ட தூளுக்குள் முக்கி எடுப்பது அவர் முறை. பின்னர் 1960-களில் மின்சாரத் துப்பாக்கி முறை வந்தது. இன்று பட்டறைகளில் பெரும்பாலும் நடப்பது இதுவே.

துப்பாக்கி முனையில் 60 முதல் 100 கிலோவோல்ட் வரை மின்னழுத்தம் தரப்படுகிறது. அதன் வழியே வரும் தூள் மின்னேற்றம் பெறுகிறது. கொக்கியில் தொங்கும் இரும்பு எர்த் செய்யப்பட்டிருப்பதால் தூள் அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஓவனில் வைத்து, உலோகமே 180 முதல் 200 டிகிரி வரை சூடேறி அந்தச் சூட்டில் 10 முதல் 15 நிமிடம் நிற்கும்படி வேகவைக்கிறார்கள். தூள் உருகிப் பரவி, வேதி மாற்றம் அடைந்து, மறுபடி உருகாத ஒரே தோலாக இறுகுகிறது. வழக்கமான கனம் 60 முதல் 80 மைக்ரான். மேலே சிதறிய தூளைத் திரட்டி மறுபடி பயன்படுத்தலாம் என்பது இன்னொரு லாபம்.

விலை குறைவு எங்கிருந்து வருகிறது?

ஒரே அளவு ரேக்குக்கு இரண்டு பட்டறைக்காரர் இரண்டு விலை சொல்வார்கள். குறைத்துச் சொல்பவர் எதில் குறைக்கிறார் என்று பார்ப்பது வணிகர் கடமை. கணக்குப் போடுவோம்.

3 அடி நீளம், 15 அங்குல அகலம், ஐந்து தட்டு உள்ள ரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டின் இருபுறமும் சேர்ந்து ஏழரை சதுர அடி. ஐந்து தட்டுக்கு முப்பத்தேழரை. நான்கு கால்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 50 சதுர அடி. 70 மைக்ரான் கனத்தில் ஒரு கிலோ தூள் சுமார் 100 சதுர அடிக்கு வரும். ஆகவே இந்த ரேக்குக்கு வேண்டியது அரை கிலோ தூள். சிதறலைச் சேர்த்தாலும் ஒரு கிலோவைத் தாண்டாது. அந்தத் தூளில் எவ்வளவுதான் மிச்சம் பிடிக்க முடியும்? உண்மையான செலவு பூச்சுக்கு முந்திய வேலையிலும், ஓவன் எரிபொருளிலும் இருக்கிறது. குறைப்பதும் அங்கேதான் நடக்கிறது.

பூச்சுக்கு முந்திய வேலையை நம் ஊர்ப் பட்டறைகளில் ஏழு டேங்க் முறை என்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு நீக்குதல், நீரில் அலசுதல், அமிலத்தில் துரு எடுத்தல், மறுபடி அலசுதல், பாஸ்பேட் ஏற்றுதல், மறுபடி அலசுதல், கடைசியாகப் பாசிவேஷன் என்னும் காப்பு நீரில் முக்குதல் என்பது பொதுவான வரிசை. பட்டறைக்குப் பட்டறை சிறு மாற்றம் இருக்கும். இதில் பாஸ்பேட் படலம்தான் உயிர். தூள் பிடித்துக்கொள்வதும், எங்கேனும் கீறல் விழுந்தால் துரு பூச்சுக்கு அடியில் ஊர்ந்து பரவாமல் தடுப்பதும் அதுதான்.

டேங்க் எதுவும் இல்லாமல் துணியில் தின்னர் தொட்டுத் துடைத்துவிட்டுத் தூள் அடித்தாலும் புது ரேக் பளபளவென்றே இருக்கும். கடைக்கு வந்த அன்று இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டாவது மழைக்காலத்தில் தெரியும். ஒன்று அப்படியே நிற்கும். மற்றொன்றில் பூச்சு கொப்புளம் கட்டி, அப்பளம் போல் பெயர்ந்து வரும்.

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று

தூளிலும் வகை உண்டு. எப்பாக்சி கெட்டியானது, ரசாயனக் கசிவைத் தாங்கும். ஆனால் வெயிலில் சுண்ணாம்பு பூத்தது போல் வெளுத்துவிடும். கடைக்குள் இருக்கும் ரேக்குக்கு எப்பாக்சி, அல்லது எப்பாக்சியும் பாலியஸ்டரும் கலந்த ஹைபிரிட் வகை போதும். வெயில் படும் கிரில், பெயர்ப்பலகைச் சட்டம், ஷட்டர் இவற்றுக்குப் பாலியஸ்டர் வகையே கேட்டு வாங்க வேண்டும். தூளுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 13871 உள்ளது.

ஏற்கெனவே மாட்டியிருக்கும் ஷட்டருக்கு நின்ற இடத்திலேயே பவுடர் கோட்டிங் செய்ய முடியாது. பட்டைகளைக் கழற்றி ஓவனுக்குக் கொண்டுபோக வேண்டும். அதனால் புது ஷட்டர் போடும்போதே கோட்டிங் செய்த பட்டை கேட்பது நல்லது. ரேக் வேலை கொடுப்பதென்றால், வணிகர் தினமான மே 5 போன்று கடை மூடியிருக்கும் நாளை ஒட்டிப் பாதிப் பாதியாக அனுப்பினால் வியாபாரம் கெடாது.

எடைக்கல்லுக்குக் கூடாது

துருப்பிடித்த இரும்பு எடைக்கற்களையும் ரேக்கோடு சேர்த்துக் கோட்டிங்குக்கு அனுப்பலாமே என்று தோன்றும். கூடாது. ஒரு கிலோ எடைக்கல்லின் மேல் 70 மைக்ரான் பூச்சு ஏறினால் எடை சுமார் ஒன்றரை கிராம் கூடும். முத்திரையும் மூடிப்போகும். முத்திரை தெரியாத எடைக்கல் சட்ட அளவியல் சட்டத்தின் கண்ணில் முத்திரை இல்லாத எடைக்கல்தான். தராசுத் தட்டுக்கும் இதே விதி. பழுது என்றால் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, மறு முத்திரை வாங்குவதே முறை.

இன்னொன்று. உணவுப் பொருளை நேராகத் தொடும் பாத்திரமும் கொள்கலனும் துருப்பிடிக்காத, நச்சு சேர்க்காத பொருளால் ஆனவையாக இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு உரிம விதிமுறைகளின் நான்காம் அட்டவணை சொல்கிறது. பவுடர் கோட்டிங் ரேக் மூட்டையும் டப்பாவும் வைக்கத்தான். அரிசி, பருப்பைக் கொட்டி வைக்கும் தொட்டிக்கு எவர்சில்வரே ஏற்றது.

அலாய் சக்கரம்: உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

டெலிவரிக்கு ஓடும் பைக்குகள் பலவற்றிலும், சொந்தக் காரிலும் இன்று அலாய் சக்கரம் வந்துவிட்டது. அலுமினியத்தோடு சுமார் 7 சதவீதம் சிலிக்கான் சேர்த்து வார்ப்பது வழக்கமான முறை. அவற்றின் பூச்சு உரிந்தால் மறுபடி கோட்டிங் செய்யலாம். ஆனால் ரேக்குக்குச் செய்யும் முறையைச் சக்கரத்துக்குச் செய்யக் கூடாது.

முதலாவது, டயர், வால்வு, பைக் சக்கரமானால் பேரிங் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். இரும்பின் துரு எடுக்கும் அமில டேங்கில் அலுமினியத்தைப் போட்டால் அமிலம் அதையே அரிக்கும். அலுமினியத்துக்கென்று தனிக் கழுவல் முறை உண்டு.

இரண்டாவது, பழைய பூச்சை எடுத்தவுடன் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரிசல் விட்ட சக்கரத்துக்குப் பூச்சு அடிப்பது விரிசலை மறைப்பதாகும். அப்படிப்பட்ட சக்கரத்தை எடைக்குப் போட்டுவிடுவதே சரி.

மூன்றாவது, வார்ப்பு உலோகத்தின் நுண்துளைகளில் காற்று அடைபட்டிருக்கும். முன்னதாக ஒரு முறை சூடேற்றி அதை வெளியேற்றாவிட்டால் பூச்சில் ஊசித்துளை விழும்.

நான்காவது, மிக முக்கியம். அலாய் சக்கரம் தொழிற்சாலையிலேயே வெப்பப் பதம் கொடுக்கப்பட்டது. அந்தப் பதத்தில்தான் அதன் வலிமை இருக்கிறது. 200 டிகிரிக்கு மேல் சூடேற்றினாலோ, நெடுநேரம் ஓவனில் மறந்து விட்டாலோ, திரும்பத் திரும்ப வேகவைத்தாலோ பதம் இறங்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பாரம் ஏற்றிய வண்டி குழியில் இறங்கும்போதுதான் தெரியும்.

ஐந்தாவது, நட்டு உட்காரும் இடமும், சக்கரம் ஹப்பில் பதியும் முகமும் பூச்சில்லாமல் மறைத்துவிடப்பட வேண்டும். அங்கே பூச்சு இருந்தால் நாளடைவில் அது நசுங்கி, நட்டின் பிடி தளரும். சக்கரம் மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்ப்பது அவசியம்.

சாமானை எடுக்கும் முன் சோதனை

1. ரேக்கின் உள் மூலைகளை விளக்கு வைத்துப் பாருங்கள். மின்னேற்றத் தூள் மூலைக்குள் எளிதில் போகாது. பூச்சு மெலிந்து இரும்பு தெரிந்தால் துரு அங்கேதான் தொடங்கும்.

2. தின்னர் நனைத்த துணியால் மறைவான இடத்தில் தேயுங்கள். பூச்சு கரைந்து பிசுபிசுத்தால் ஓவனில் சரியாக வேகவில்லை.

3. ஒரு மாதிரித் துண்டில் பிளேடால் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கீறி, ஒட்டு டேப்பை அழுத்தி வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் பெயர்ந்து வந்தால் டேங்க் வேலை சரியில்லை.

4. கனம் அளக்கும் கருவி பட்டறையில் இருக்க வேண்டும். நான்கைந்து இடத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

5. குழாய்க் கால்களின் இரு முனையும் அடைக்கப்பட்டுள்ளதா, அடியில் பிளாஸ்டிக் குமிழ் உள்ளதா என்று பாருங்கள். கொக்கி மாட்டிய இடத்தில் பூச்சிராது. அங்கு டச்சப் செய்து வாங்குங்கள்.

இத்துடன் ஒரு கேள்வியும் கேட்க வேண்டும்: அமிலக் கழிவு எங்கே போகிறது? பல்லாவரம், குரோம்பேட்டை வட்டாரத்துக்குத் தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட கதை புதிதல்ல. குரோம்பேட்டையின் பெயரே குரோம் தோல் ஆலையிலிருந்து வந்ததுதான். டேங்க் நீரைச் சுத்திகரிக்காமல் கால்வாயில் விடும் பட்டறை விலை குறைத்துச் சொல்ல முடியும். அந்தக் குறைந்த விலையின் மிச்சத்தை நம் கிணறும் ஏரியும் கட்டுகின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ள பட்டறையில் வேலை கொடுப்பதே முறை.

வேலை கொடுக்கும்போது பில்லில் மூன்று விவரம் எழுதி வாங்குங்கள்: எந்த வகைத் தூள், எத்தனை மைக்ரான், எந்த டேங்க் முறை. தன் வேலையில் நம்பிக்கையுள்ளவர் எழுதித் தரத் தயங்க மாட்டார். தயங்குபவரிடம் பேரம் பேசிப் பயனில்லை. உப்பு மூட்டையை நேராகத் தட்டில் வைக்காமல் அடியில் பிளாஸ்டிக் பலகை போடுவதும், தட்டில் கீறல் விழுந்த இடத்தை அன்றே தொட்டு மூடுவதும் நம் கையில் உள்ளவை. இவற்றைச் செய்து வந்தால் ஒரு முறை போட்ட பணம் பல ஆண்டு உழைக்கும். உறுப்பினர்கள் கவனத்தில் கொள்வார்களாக.