தொங்காத தொங்கு பாலம்



பெயரைக் கேட்டு ஏமாந்தவர்கள் உலகில் பலர். எங்கள் வகுப்பாரும் இவ்வாண்டு அந்தக் கூட்டத்தில் சேர்ந்தோம். "சிதறாலிலிருந்து புறப்பட்டு, மாத்தூர் தொங்கு பாலத்தின்மேல் சைக்கிள் ஓட்டப் போகிறோம்" என்று ஒரு வாரம் பள்ளி முழுவதும் சொல்லித் திரிந்தோம். போய் வந்தபின்தான் அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருந்தன என்று தெரிந்தது. அப்பாலத்தின்மேல் சைக்கிள் ஓட்ட இடமில்லை. அது தொங்கு பாலமும் அன்று. அவ்விரு பிழைகளும் எங்களுக்குக் கற்றுத் தந்த பாடமே இக்கட்டுரை.

மலையடிவாரத்தில்

ஒரு சனிக்கிழமை காலை, பதினைந்து மாணவியரும் அறிவியல் ஆசிரியையும் சிஸ்டர் ஒருவரும் சிதறால் மலையடிவாரத்தில் கூடினோம். எங்களுள் ஒருத்தி மட்டும் தாமதமாக வந்தாள். அவளுடைய அம்மா முதல் நாள் இரவு வரை சம்மதிக்கவில்லையாம். "தொங்குத பாலமா? கயிறு அறுந்து போனா என்ன செய்வ மக்களே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி அவள் மனத்திலும் இருந்தது.

சிதறால் மலைமேல், ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட சமணச் சிற்பங்கள் இருப்பதை நாம் அறிவோம். குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியரைப் பற்றி அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அங்கே ஒரு பெரும்பாறை முன்னோக்கி நீண்டு கூரைபோல் நிற்கிறது. கீழிருந்து பார்த்தால் அந்தரத்தில் தொங்குவதுபோலவே தோன்றும். "அது தொங்குகிறதா, நிற்கிறதா? மாலையில் திரும்பி வரும்போது சொல்லுங்கள்" என்றார் ஆசிரியை. அந்தக் கேள்வியுடன் மிதிவண்டிகளை மிதித்தோம்.

திருவட்டாறில் கிடைத்த முதற்பாடம்

ஏற்றமும் இறக்கமுமான சாலை. இருபுறமும் ரப்பர் தோட்டங்கள், வாழை, மரச்சீனி. திருவட்டாறை நெருங்கும்போது ஒரு மாணவியின் பின்சக்கரம் ஆடத் தொடங்கியது. அங்கிருந்த சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, "கோட்டம் விழுந்திருக்கு" என்றார். சாவியால் சில ஸ்போக்ஸ் கம்பிகளை முறுக்கினார், சிலவற்றைத் தளர்த்தினார். சற்று நேரத்தில் சக்கரம் நேராக ஓடியது.

ஆசிரியை ஒரு பழைய ஸ்போக்ஸ் கம்பியை வாங்கி எங்களிடம் தந்தார். "இரு முனையையும் பிடித்து இழுங்கள்" என்றார். இழுத்தோம், ஒன்றும் ஆகவில்லை. "இப்போது இரு முனையையும் உள்நோக்கி அழுத்துங்கள்" என்றார். கம்பி உடனே வளைந்துவிட்டது. மெல்லிய கம்பி இழுப்பைத் தாங்கும், அழுத்தத்தைத் தாங்காது. ஆகவேதான் சக்கரத்தில் எல்லாக் கம்பிகளையும் இழுத்து முறுக்கி வைத்திருக்கிறார்கள். கல் இதற்கு நேர்மாறானது. அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுத்தால் எளிதில் விரிசல் காணும். இவ்விரண்டையும் நினைவில் வையுங்கள். பாலங்களின் இரகசியம் இதில்தான் இருக்கிறது.

பறளியாற்றின்மேல்

திருவட்டாறிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டரில் மாத்தூர். மிதிவண்டிகளை நிறுத்திவிட்டுப் பாலத்தருகே நடந்தோம். அப்போதுதான் ஏமாற்றம் புரிந்தது. எங்கும் கயிறில்லை, சங்கிலியில்லை. இது வண்டிகள் போவதற்காகக் கட்டிய பாலமே அன்று. தண்ணீர் போவதற்காகக் கட்டிய தொட்டிப்பாலம்! தொட்டியின் மேற்பகுதியை ஓரளவு மூடியிருக்கும் கான்கிரீட் பலகைகள்மேல் மனிதர் நடந்து செல்லலாம், அவ்வளவுதான்.

ஒரு குன்றிலிருந்து எதிர்க் குன்றுக்குப் பட்டணங்கால் கால்வாயின் நீர் போக வேண்டும். இடையில் பறளியாறு ஆழமான பள்ளத்தில் ஓடுகிறது. கால்வாய் நீர் பள்ளத்தில் இறங்கினால் தானாக மறுபுறம் ஏறாது. ஆதலால் காமராசர் எடுத்த முயற்சியின் பயனாக, வறட்சியைப் போக்க 1966-ஆம் ஆண்டில் இப்பாலம் அமைந்தது. நீளம் சுமார் 1,240 அடி; தூண்கள் 28; மிக உயரமான இடத்தில் உயரம் 115 அடி, அதாவது ஏறத்தாழப் பத்து மாடி. தொட்டியின் அகலம் ஏழரை அடி, உயரம் ஏழு அடி. விளவங்கோடு, கல்குளம் வட்டங்களின் வேளாண்மை இதனால் செழித்தது.

பாதி தூரம் நடந்திருப்போம். தாமதமாக வந்த தோழி நின்றுவிட்டாள். கைப்பிடிச் சுவரைப் பற்றியபடி, "என்னால் வர முடியாது டீச்சர்" என்றாள். கண்களில் நீர். கீழே ஆறு ஒரு நூல்போல் தெரிந்தது.

ஆசிரியை அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அவளருகே நின்று, "நீ நிற்கும் பலகையை எது தாங்குகிறது?" என்று மட்டும் கேட்டார்.

"தொட்டி."

"தொட்டியை?"

"தூண்."

"தூணை?"

அவள் மெல்ல எட்டிப் பார்த்தாள். "பாறை" என்றாள்.

"இதில் அறுந்து போகக் கயிறு எங்கே இருக்கிறது?"

பின்னர் ஒரு கணக்குப் போட்டார். தொட்டியில் பாதியளவு நீர் ஓடினாலும், ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் ஏறத்தாழ 2,400 கிலோ நீர் இருக்கும். பதினைந்து மாணவியரும் அந்த ஒரு மீட்டரிலேயே நெருக்கி நின்றாலும் எங்கள் எடை அதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. அந்தப் பாரத்தை 1966 முதல் சுமந்து வரும் பாலம் இது. தோழி கண்களைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் கையைப் பற்றாமலே மறுகரை வரை நடந்தாள். "பயம் போனாலும் கவனம் போகக் கூடாது" என்று சிஸ்டர் சொன்னதால், ஒருவர்பின் ஒருவராகவே சென்றோம்.

உண்மையான தொங்கு பாலம் எது?

மறுகரையில் படிக்கட்டில் இறங்கி, ஆற்றோரத்தில் கட்டுச்சோறு உண்டோம். அங்கே பாடம் தொடர்ந்தது.

உண்மையான தொங்கு பாலத்தில் பாதை, செங்குத்துக் கம்பிகளில் தொங்கும். அக்கம்பிகள் பெரிய வடங்களிலோ சங்கிலிகளிலோ தொங்கும். வடங்கள் இரு கோபுரங்களின் உச்சி வழியாகச் சென்று, இரு கரைகளிலும் பெரும் கட்டுமானங்களில் இறுக்கிப் பிணைக்கப்பட்டிருக்கும். வடம் இழுப்பைத் தாங்குகிறது. கோபுரம் அழுத்தத்தைத் தாங்குகிறது. ஸ்போக்ஸ் கம்பியும் கல்லும் கற்பித்தது இதுதானே! நம் மாவட்டம் முன்பு திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்தது. அந்தத் திருவிதாங்கூர் அரசு புனலூரில் கல்லடையாற்றின்மேல் 1877-இல் கட்டி முடித்த பாலம் இவ்வகையது. சுமார் 400 அடி நீளமுள்ள அந்தச் சங்கிலிப் பாலத்தை இன்றும் காணலாம்.

"தண்ணீர்ப் பாரம் அதிகம் என்பதால்தான் மாத்தூரில் தொங்கு பாலம் கட்டவில்லையா?" என்று ஒருத்தி கேட்டாள். அப்படியும் சொல்ல முடியாதாம். அமெரிக்காவில் ஜான் ரோப்ளிங் என்னும் பொறியாளர், டெலவேர் ஆற்றின்மேல் ஒரு கால்வாயையே கம்பி வடங்களில் தொங்கவிட்டார். 1848-இல் முடிந்த அப்பாலத்தில் நீரும், நீரில் படகுகளும் சென்றன. இன்று அதில் வண்டிகள் செல்கின்றன.

அப்படியானால் காரணம் என்ன? மாத்தூரின் 1,240 அடி ஒரே தாண்டல் அன்று. தூணுக்குத் தூண் நாற்பது அடிக்குச் சற்று மிகுதியாக, பல சிறு அடிகள். கால் ஊன்றப் பாறை கிடைத்தது. கீழே கப்பல் போக வேண்டிய தேவையும் இல்லை. நியூயார்க் நகரிலோ ஆழமான நீர். கப்பல்களுக்கு வழியும் வேண்டும். ஆகவே அதே ரோப்ளிங் திட்டமிட்ட புரூக்ளின் பாலத்தின் நடுத்தாண்டல் மட்டும் 1,595 அடி. மாத்தூர்ப் பாலம் முழுவதையும்விட அது நீளம்!

அந்தப் பாலத்தில் நாம் அறிய வேண்டிய பெண்மணி ஒருவர் உண்டு. ஜான் ரோப்ளிங் 1869-இல் இறந்தார். பொறுப்பேற்ற மகன் வாஷிங்டன், ஆற்றுக்கடியில் அழுத்தக் காற்றறைகளில் நடந்த வேலையால் நோயுற்றுப் படுக்கையில் வீழ்ந்தார். அவர் மனைவி எமிலி கணிதமும் பொருள்களின் வலிமையும் வடங்களின் இயல்பும் கற்றார். கணவரின் குறிப்புகளை நாள்தோறும் வேலைத் தலத்திற்குக் கொண்டு சென்று, பொறியாளர்களுடன் பேசிப் பணியை நடத்தினார். 1883 மே 24-இல் பாலம் திறக்கப்பட்டது. அதன்மேல் இன்று மிதிவண்டிக்கென்றே தனிப்பாதை உண்டு. எங்களுடைய அந்த ஆசை மட்டும் இன்னும் மீதியிருக்கிறது!

வீடு திரும்பியபோது

மாலையில் சிதறால் மலையடிவாரம் சேர்ந்தோம். காலையில் கேட்ட கேள்விக்கு அந்தத் தோழியே முதலில் விடை சொன்னாள்: "தொங்கவில்லை டீச்சர். பாறைமேல் பாறையாக நிற்கிறது."

தோழியரே, எந்தப் பாலத்தைக் கண்டாலும் "பாரம் எங்கே போகிறது?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி அதன் வகையைச் சொல்லிவிடும். பெயர்ப் பலகை சொல்லாததையும் அது சொல்லும். உங்கள் மிதிவண்டிச் சக்கரத்தின் கம்பிகளை இன்றே எண்ணிப் பாருங்கள்; ஒன்று தளர்ந்திருந்தால் முறுக்கிக் கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை அந்தத் தோழி ஒரு செய்தி கொண்டு வந்தாள். அவள் வீட்டில் அடுப்படித் தரையில் கரித்துண்டால் தூணும் தொட்டியும் வரைந்து அம்மாவுக்கு விளக்கினாளாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா சொன்னாராம்: "அப்ப அடுத்த தடவை நானும் வாறேன்."