எனக்கு மூத்தவர்: ஆங்கில ஒப்பீட்டைத் தமிழ் உருபால் பிடிக்கும் வழி

சுன்னாகம் சந்தையில் மாம்பழம் பார்க்கிறவர் “விலாட்டை விடக் கறுத்தக்கொழும்பான் இனிப்பு” என்பார். அதே ‘விட’வை வைத்துத்தான் “என்னை விட அவர் மூத்தவர்”, “கோப்பியை விடத் தேத்தண்ணி விருப்பம்”, “இது அதை விட வித்தியாசம்” என்றும் சொல்கிறோம். ஆங்கிலம் இந்த இடங்களுக்கு வெவ்வேறு சொல் கேட்கும். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை எல்லாவற்றுக்கும் ‘தான்’ (than) என்று எழுதிவிடுவதற்கு இதுவே காரணம். ஆகவே ‘விட’வை மொழிபெயர்க்கப் போகாமல், ஒப்பிடும் சொல்லைப் பாருங்கள்.

முதலில், அந்தச் சொல் ‘ஸ்வீட்டர்’, ‘டோலர்’ போல ‘அர்’ ஏற்றிருக்கிறதா, அல்லது முன்னால் ‘மோர்’, ‘லெஸ்’ நிற்கிறதா? அப்படியானால் யோசிக்க வேண்டாம், ‘தான்’ போடுங்கள். ‘பெட்டர்’, ‘வேர்ஸ்’ என்பனவும் இந்தக் கூட்டம்தான்.

அடுத்தது ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’, ‘இன்ஃபீரியர்’. இவையும் ‘அர்’ ஓசையில் முடிவதால் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். இவை லத்தீனிலிருந்து வந்தவை; அந்த மொழியிலேயே ஒப்பீட்டு வடிவம் பெற்றுவிட்டவை. அதனால் பொதுவாக இவற்றுக்கு முன் ‘மோர்’ வராது, பின்னால் ‘தான்’ வராது. வருவது ‘டு’.

இதை மனனம் செய்யத் தேவையில்லை. எங்கள் நாலாம் வேற்றுமை ‘கு’ உருபு கைகொடுக்கும். எனக்கு மூத்தவர், எனக்கு இளையவர், அதற்கு மேலானது, அதற்குக் கீழானது, அதற்கு முந்தியது, அதற்குச் சமம், அதற்கு ஒப்பானது. ‘சீனியர்’ முதல் ‘பிரையர்’, ‘ஈக்குவல்’, ‘சிமிலர்’ வரை எல்லாம் ‘டு’ கேட்பவை; தமிழில் எல்லாம் ‘கு’ ஏற்பவை. இலக்கண சந்திரிகை எழுதிய அ. குமாரசுவாமிப் புலவர் (1854–1922) இந்தச் சுன்னாகத்தவர். அவருடைய ஊர்ப் பிள்ளைகள் வேற்றுமை உருபைத் தமிழ்ப் பாடத்தோடு மூடி வைப்பது எனக்குப் பெரிய மனவருத்தம். ஆங்கிலக் கொப்பியிலும் அது பயன்படும்.

ஓர் எச்சரிக்கை: ‘கு’ சோதனையை முதற்படிக்குப் பிறகே செய்யுங்கள். உதாரணத்துக்கு இரு தமிழறிஞர்களைப் பாருங்கள்: ஆறுமுக நாவலர் பிறந்தது 1822இல், சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்தது 1832இல். தாமோதரம்பிள்ளைக்கு நாவலர் பத்து வயது மூத்தவர். ‘ஓல்டர்’ என்று தொடங்கினால் ‘ஓல்டர் தான் தாமோதரம்பிள்ளை’. ‘சீனியர்’ என்று தொடங்கினால் ‘சீனியர் டு தாமோதரம்பிள்ளை பை டென் யியர்ஸ்’. தமிழில் பொருள் ஒன்றுதான். பின்னால் வருவதை முடிவு செய்வது ஆங்கிலச் சொல்.

மற்ற உருபுகளும் உதவும். ஒன்று மற்றொன்றிலிருந்து வேறுபடுகிறது என்பது நீங்கல் பொருள், ஐந்தாம் வேற்றுமை. ஆகவே ‘டிஃபரன்ட் ஃப்ரொம்’. ‘டிஃபரன்ட் டு’ என்று பிரித்தானியரும் ‘டிஃபரன்ட் தான்’ என்று அமெரிக்கரும் பேசுவதுண்டு. பரீட்சைத் தாளில் ‘ஃப்ரொம்’ எழுதுவதே பாதுகாப்பு. ‘கொம்பெயார்’ இரண்டு விதமாக வரும். முகத்தை நிலவுக்கு ஒப்பிட்டால் ‘டு’. இந்த வருட வெங்காய விலையைப் போன வருட விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ‘வித்’. ‘கு’வும் ‘ஓடு’வும் அப்படியே பொருந்துகின்றன.

‘பிரிஃபர்’ மட்டும் இந்த வழிக்குள் அடங்காது. ‘ஐ பிரிஃபர் டீ டு கோஃபி’ என்பதை வாயால் பலமுறை சொல்லிப் பழகுங்கள். ‘வுட் ராதர்’ வந்தால் ‘தான்’. ‘சேம்’ வந்தால் ‘அஸ்’.

ஒரே வசனத்தில் ‘டு’, ‘தான்’ இரண்டும் வரும்போதுதான் நன்றாகப் படித்த பிள்ளையும் தடுமாறும். காங்கேசன்துறை வீதியில் வடக்கே போனால் சுன்னாகத்துக்கு அடுத்து மல்லாகம். அது காங்கேசன்துறையை விடச் சுன்னாகத்துக்கே கிட்ட. ‘மல்லாகம் இஸ் நியரர் டு சுன்னாகம் தான் டு காங்கேசன்துறை.’ ‘டு’ தூரத்துக்கு, ‘தான்’ ஒப்பீட்டுக்கு. இரண்டாவது ‘டு’வை விட்டுவிடாதீர்கள்.

ஒப்பிடுவது எதை எதோடு என்பதும் கவனிக்க வேண்டியது. சுன்னாகத்து மாம்பழ விலை கொழும்பை விடக் குறைவு என்று நாங்கள் சொன்னால் எவருக்கும் விளங்கும். ஆங்கிலத்தில் விலையை விலையோடுதான் ஒப்பிடலாம். ‘தான் கொழும்பு’ என்று நிறுத்தாமல் ‘தான் தட் இன் கொழும்பு’ என்று எழுதுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றிலும் மேலானதைச் சொல்லும்போது இடத்துக்கு ‘இன்’, கூட்டத்துக்கு ‘ஒஃப்’. மகாவலி, ‘தி லோங்கஸ்ட் ரிவர் இன் ஸ்ரீலங்கா’. அதே மகாவலி, ‘தி லோங்கஸ்ட் ஒஃப் ஓல் அவர் ரிவர்ஸ்’.