அயல்நாட்டு வக்கீல் நோட்டீசும் நம் வியாபாரமும்



முன்னாளில் மஸ்ஜித் இந்தியாவில் கைலியும் தொப்பியும் அத்தரும் விற்ற நம்மவர், கடை வாசலுக்கு வந்தவருக்கே விற்றனர். இன்றோ பிரிக்பீல்ட்ஸ் மாடியறையிலும் கிள்ளான் வீட்டுக் கூடத்திலும் இருந்தபடியே கைப்பேசி வழியாக அமெரிக்கா வரை சரக்கனுப்புகின்றனர். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சரக்கு எட்டுகிற இடத்திலிருந்து வழக்கும் நம்மை எட்டும் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒருநாள் காலையில் இணையக் கடை பூட்டிக் கிடக்கும். வரவேண்டிய பணம் முடங்கிக் கிடக்கும். "எங்கள் டிரேட் மார்க்கைக் களவாடினீர்" என்று அயல்நாட்டு வக்கீலின் மின்னஞ்சல் வந்திருக்கும். அப்போது செய்ய வேண்டியது என்ன என்பதை ஆராய்வோம்.

மார்க்கும் மார்க்கமும்

சரக்கு யாருடையது என்று காட்டும் பெயர் அல்லது அடையாளமே டிரேட் மார்க். மலாய்க்காரர் இதனைச் 'சாப்' என்பர். ஒருவர் பல்லாண்டு நாணயமாக நடந்து தேடிய நற்பெயர் அதில் அடங்கியிருக்கிறது.

இது வெள்ளைக்காரர் சட்டம்தானே, மார்க்கத்துக்கு இதில் என்ன என்று கேட்பாருண்டு. உலக இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988ஆம் ஆண்டு டிசம்பரில் குவைத்தில் கூடியபோது, வியாபாரப் பெயரும் வியாபாரச் சின்னமும் உரியவரின் சொத்தே என்றும், அதில் பிறர் கை வைப்பது ஆகாது என்றும் தீர்மானித்தது. நனைந்த தானியத்தை அடியில் மறைத்து, உலர்ந்ததை மேலே பரப்பி வைத்த வியாபாரியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துகொண்ட வரலாறும் நாம் அறிந்ததே. போலிச் சரக்கின் மேல் பெரிய கம்பெனியின் பெயரை ஒட்டுவதும் அதே செயல்தான்.

சிகாகோ வழக்குகள்

அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்துச் சிகாகோ நகர ஃபெடரல் கோர்ட்டில் புதுவிதமான வழக்குகள் மிகுந்துள்ளன. ஒரே மனுவில் பல இணையக் கடைகளைப் பிரதிவாதிகளாக்கி, அவற்றின் பெயர்களைத் தனிப் பட்டியலாக இணைத்து, முதலில் அதனை இரகசியமாகவே வைத்திருப்பர். மறுபக்கத்தைக் கேட்கு முன்பே கோர்ட்டு இடைக்காலத் தடை பிறப்பிக்கும். உடனே சந்தைத் தளமும் பணம் செலுத்தும் நிறுவனமும் கணக்கை முடக்கிவிடும். வியாபாரிக்குச் செய்தி அதன் பிறகே வரும். சம்மன் சார்வான நாளிலிருந்து 21 நாளுக்குள் பதில் தராவிட்டால் ஒருதலைத் தீர்ப்பாகும். போலி மார்க் ஒன்றுக்கு, ஒவ்வொரு சரக்கு வகைக்கும், 1,000 முதல் 2,00,000 டாலர் வரையும், வேண்டுமென்றே செய்திருந்தால் 20,00,000 டாலர் வரையும் நஷ்டஈடு விதிக்க அந்நாட்டுச் சட்டம் இடந்தருகிறது.

"அமெரிக்காவுக்கு நாம் அதிகம் விற்கவில்லையே" என்று ஆறுதல் கொள்ளலாகாது. சீனத்து இணைய வியாபாரி ஒருவர், இல்லினாய்ஸ் கோர்ட்டுக்குத் தம்மீது அதிகாரமில்லை என்று வாதாடினார். அவர் அம்மாநிலத்துக்கு அனுப்பியதாகக் காட்டப்பட்டது ஒரே ஒரு கூடைப்பந்துக் காற்சட்டை. அந்த ஒன்றே போதும் என்று 2022ஆம் ஆண்டு மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது.

எனினும் நமக்குச் சாதகமான நியாயங்களும் உண்டு. அந்நாட்டு மார்க் சட்டம் அந்நாட்டு வர்த்தகத்தில் நடந்ததற்கே பொருந்தும் என்று 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. மேலும், வெளிநாட்டுத் தீர்ப்புகளை இங்கே பதிந்து நிறைவேற்றுவதற்கான நமது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிட்டன், சிங்கப்பூர், நியூஸிலாந்து முதலியவை இடம்பெற்றுள்ளன, அமெரிக்கா இல்லை. ஆகவே அமெரிக்கத் தீர்ப்பை வைத்துக் கிள்ளானிலுள்ள கடையை நேரே ஜப்தி செய்ய முடியாது. இங்கே புதிதாக வழக்குத் தொடரவேண்டும். ஆனால் இணையக் கணக்கில் முடங்கிய பணம் அவர்கள் கைக்கெட்டும். நம்மவர் இழப்பது அதனைத்தான்.

நம் ஊரில் நடந்தது

பெரிய கம்பெனி என்றதும் அஞ்சி ஓடவும் வேண்டாம். கோலாலம்பூர் ஈப்போ சாலையில் 1999இல் 'மெக்கறி' என்ற உணவகத்தைத் தமிழ்த் தம்பதியர் தொடங்கினர். 'மலேசியன் சிக்கன் கறி' என்பதன் சுருக்கமே அது என்றனர். 2001இல் மெக்டொனால்ட்ஸ் கம்பெனி வழக்குத் தொடர்ந்தது. 2006இல் உயர்நீதிமன்றத்தில் கம்பெனி வென்றது. உணவகத்தார் சோர்ந்துவிடவில்லை. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. பெயர்ப்பலகை வேறு, உணவு வேறு, வாடிக்கையாளர் வேறு. 'மெக்' என்ற எழுத்து ஒன்றினால் மட்டும் எவரும் ஏமாறமாட்டார் என்பது அதன் கருத்து. அதே ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் கம்பெனிக்கு மேற்கொண்டு முறையிட அனுமதி மறுத்து, 10,000 வெள்ளி செலவுத் தொகையும் கொடுக்கச் சொன்னது. எட்டாண்டுப் போராட்டம்! நியாயம் தம் பக்கம் இருந்ததோடு, விடாமல் பதிலும் கூறியதால் வென்றனர்.

செய்ய வேண்டியவை

1. முதலில் உங்கள் சரக்கை நீங்களே விசாரியுங்கள். போலியா? உடனே விற்பனையை நிறுத்துங்கள். நம் நாட்டிலும் அது அபராதமும் சிறையும் உள்ள குற்றம். பெயர் மட்டும் ஒத்திருக்கிறதா? மெக்கறியைப் போல வாதத்துக்கு இடமுண்டு. "இன்ன கைப்பேசிக்குப் பொருந்தும் உறை" என்று உள்ளதை உள்ளபடி எழுதினீர்களா? நாணயமான அத்தகைய விவரிப்பை நமது 2019ஆம் ஆண்டு டிரேட் மார்க் சட்டம் அனுமதிக்கிறது.

2. அத்தர் விற்போர் கவனிக்க: "இன்ன கம்பெனி வாசனையின் நகல்" என்று பட்டியல் போடாதீர்கள். லொரெயால் கம்பெனி தொடுத்த வழக்கில், அத்தகைய ஒப்பீட்டுப் பட்டியல் பிறர் புகழில் முறையின்றி ஆதாயம் தேடுவதாகும் என்று 2009இல் ஐரோப்பிய நீதிமன்றம் கூறிவிட்டது.

3. நோட்டீசை அழிக்காதீர்கள். வழக்கு எண்ணைக் கொண்டு அது மெய்யா, மோசடியா என்று பாருங்கள். கெடு நாளைக் குறித்துக்கொண்டு வக்கீலிடம் செல்லுங்கள். கொள்முதல் ரசீதுகளையும் அனுப்பிய விலாசங்களையும் உடன் கொண்டுபோங்கள். விற்ற தொகை சிறிதாயின் சமரசம் பேசலாம், பேசாதிருப்பதே பெருநஷ்டம்.

4. ஆதாரமற்ற மிரட்டல் நம் நாட்டு மார்க்கைக் காட்டி வந்தால், 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 61ஆம் பிரிவின்படி மிரட்டியவர் மீதே வழக்குத் தொடரலாம். மார்க்கைத் தாமே பதித்தவருக்கும் சரக்கை இறக்குமதி செய்தவருக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை.

5. உங்கள் பெயரைப் பதிவு செய்யுங்கள். பதிவு பத்தாண்டு செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். ஒரு நாட்டுப் பதிவு அந்நாட்டுக்கே செல்லும். ஆயினும் மலேசியா 2019 டிசம்பர் 27ஆம் நாள் முதல் மாட்ரிட் உடன்படிக்கையில் சேர்ந்திருப்பதால், மைஐபிஓ அலுவலகம் வாயிலாக ஒரே மனுவில் பல நாடுகளைக் கோரலாம்.

சகோதரர்களே! பிறர் மார்க்கில் கை வைக்காதவருக்கு நோட்டீசைக் கண்டு நடுங்கத் தேவையில்லை. ஆனால் பதில் கூறச் சோம்பியவருக்கு நியாயம் இருந்தும் பயனில்லை. நம் பிழைப்பை ஹலாலாகவும், நம் கணக்கைத் தெளிவாகவும் வைத்துக்கொள்ள வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.