ஹோமரைப் படிக்கத் தொடங்குவது எப்படி? இலியட், ஒடிசி: முழுமையான வழிகாட்டி

டிராய்ப் போர் என்றதும் பலருக்கு மரக்குதிரைதான் நினைவுக்கு வரும். அந்தக் குதிரையைத் தேடி ஹோமரின் இலியட் காவியத்தைத் திறந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். குதிரை அதில் இல்லை; கிரேக்க வீரன் அகிலீஸ் சாவதும் டிராய் எரிவதும்கூட இல்லை. பத்தாண்டுப் போரின் கடைசி ஆண்டில் சுமார் 50 நாட்கள், ஒரு வீரனின் கோபம், அதற்கு மற்றவர்கள் கொடுத்த விலை: இவ்வளவுதான் கதை. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலை ஓரமாக வைத்துவிட்டு, இந்த மனிதர்கள் யார் என்று பார்க்கத் தொடங்கினால் ஹோமர் பிடிபடுவார்.

படி 1: முன்கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஹோமர் முன்கதையை விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். அவர் பாட்டைக் கேட்டவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். டிராய் இளவரசன் பாரிஸ், ஸ்பார்ட்டா மன்னன் மெனலாஸின் வீட்டில் விருந்தாளியாகத் தங்கி, அவன் மனைவி ஹெலனைக் கொண்டுபோய்விடுகிறான். மெனலாஸின் அண்ணன் அகமெம்னான் தலைமையில் பல அரசர்கள் கடல் தாண்டி வந்து டிராயை முற்றுகையிடுகிறார்கள். அக்கேயர், டனாயர், ஆர்கைவர் என்று மூன்று பெயர்கள் மாறிமாறி வரும். மூன்றும் கிரேக்கப் படையையே குறிக்கும்.

படி 2: இரண்டு காலங்களைப் பிரித்துப் பாருங்கள்

கதை நடப்பது வெண்கலக் காலத்தில். கிரேக்கத்தின் மைசீனிய அரண்மனைகள் கி.மு. 1200ஐ ஒட்டி அழிந்தன. அவற்றோடு எழுத்தும் வழக்கொழிந்தது. ஃபினீசியரிடமிருந்து கிரேக்கர்கள் புதிய எழுத்தைப் பெற்றது கி.மு. 8ஆம் நூற்றாண்டு வாக்கில். காவியங்கள் இன்றைய வடிவம் பெற்றது அதை ஒட்டிய காலத்தில்தான் என்பது பல அறிஞர்களின் கருத்து. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் கதை வாய்மொழியாகவே வந்தது. அதனால் பழையதும் புதியதும் கலந்தே இருக்கும். காட்டுப்பன்றித் தந்தங்களால் ஆன ஒரு தலைக்கவசம் இலியட்டில் வருகிறது. அத்தகைய கவசங்கள் மைசீனியக் கல்லறைகளில் கிடைத்திருக்கின்றன. டிராய் எனக் கருதப்படும் ஹிசார்லிக் மேடு இன்றைய துருக்கியில் உள்ளது. ஹைன்ரிக் ஷ்லீமான் 1870களில் அங்கே பெரிய அளவில் அகழாய்வு செய்தார்.

படி 3: காதால் படியுங்கள்

அகிலீஸ் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவனுக்கு வேகக் கால்களைப் பற்றிய அடைமொழி ஒட்டிக்கொண்டே வரும். விடியல், விருந்து, கவசம் பூணுதல் எல்லாம் கிட்டத்தட்ட அதே அடிகளில் திரும்பத் திரும்ப வரும். இது கவிஞரின் வறுமையல்ல, மேடையிலேயே பாட்டுக் கட்டும் பாணனின் கைமுதல். அமெரிக்க அறிஞர் மில்மன் பாரி 1930களில் யூகோஸ்லாவியாவுக்குப் போய் இத்தகைய பாணர்களைப் பதிவு செய்தார். அவர்களில் அவ்தோ மெஜெதோவிச் எழுதப் படிக்கத் தெரியாதவர்; 12,000 அடிகளுக்கு மேல் நீளும் ஒரே கதையைச் சொன்னார். பாரியின் இந்த அணுகுமுறையைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திப் பார்த்தவர் ஈழத்து அறிஞர் க. கைலாசபதி. அவருடைய ஆங்கில ஆய்வு நூல் 1968இல் வெளிவந்தது.

படி 4: மூன்று நெறிகளை மனத்தில் வையுங்கள்

முதலாவது மானம். போர்ப் பரிசாக அகிலீஸுக்குக் கிடைத்த பிரைசியிஸ் என்ற பெண்ணை அகமெம்னான் பறிக்கிறான். அகிலீஸுக்கு அது படை முழுவதும் பார்க்க நேர்ந்த அவமானம். பண்டமாக்கப்பட்ட அந்தப் பெண்ணின் துயரத்தையும் காவியம் பின்னால் பாடுகிறது.

இரண்டாவது புகழ். சாவு நிச்சயம் என்று அறிந்த வீரன், தன்னைப் பற்றிய பாட்டு நிற்க வேண்டும் என்று விரும்புகிறான்.

மூன்றாவது விருந்து. விருந்தினருக்குக் காவல் கடவுளரின் தலைவன் ஜீயஸ். போர்க்களத்தில் எதிரெதிரே நிற்கும் டயோமீடீஸும் கிளாகஸும், தங்கள் பாட்டன்மார் விருந்து உறவு பூண்டவர்கள் என்று தெரிந்ததும் சண்டையை நிறுத்திக் கவசங்களை மாற்றிக்கொள்கிறார்கள். பாரிஸ் மீறியதும் இந்த நெறியைத்தான்.

படி 5: இலியட்டுக்குள் நுழையுங்கள்

24 பகுதிகள், ஏறத்தாழ 15,700 அடிகள். முதல் வாசிப்பில் 1, 6, 9, 16, 18, 22, 24 ஆகிய பகுதிகள் போதும். இரண்டாம் பகுதியின் நீண்ட கப்பல் பட்டியலைத் தயங்காமல் தாண்டுங்கள். 6இல் டிராய் இளவரசன் ஹெக்டர் மனைவியிடமும் கைக்குழந்தையிடமும் விடைபெறுகிறான். 16இல் அகிலீஸின் உயிர்த்தோழன் பட்ரோக்ளஸை ஹெக்டர் கொல்கிறான். 22இல் அகிலீஸ் ஹெக்டரைக் கொன்று பழிதீர்க்கிறான். 24இல் டிராயின் கிழ மன்னன் பிரியம் தன் மகன் ஹெக்டரைக் கொன்றவனின் கூடாரத்துக்கே போய், உடலைத் தரும்படி இறைஞ்சுகிறான். பகைவர் இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். அகிலீஸின் கோபம் அங்கேதான் முடிகிறது.

படி 6: ஒடிசிக்குச் செல்லுங்கள்

ஏறத்தாழ 12,100 அடிகள். போர் முடிந்து வீடு திரும்பும் ஒடிசியஸ்தான் நாயகன்; ஆனால் முதல் நான்கு பகுதிகளில் அவன் நேரில் வரமாட்டான். மகன் டெலிமாக்கஸ்தான் வருவான். பொறுமையாக இருங்கள். ஒற்றைக்கண் அரக்கன், சூனியக்காரி சர்சி, பாதாள உலகம் எல்லாம் 9 முதல் 12 வரை. அவற்றை ஒடிசியஸே சொல்கிறான், அவனோ பொய் சொல்வதில் வல்லவன். மரக்குதிரையும் இந்தக் காவியத்தில்தான், எட்டாம் பகுதியில் ஒரு பார்வையற்ற பாணனின் பாட்டாக வருகிறது. ஒவ்வொரு வீட்டிலும் விருந்தினரை எப்படி நடத்துகிறார்கள் என்று கவனியுங்கள். நல்லவர் கெட்டவர் என்று பிரிக்க ஹோமர் பிடிக்கும் அளவுகோல் அதுதான்.

படி 7: மொழிபெயர்ப்பைத் தேர்ந்தெடுங்கள்

ஆங்கிலத்தில் படிக்க முடிந்தவர்கள் எமிலி வில்சனில் தொடங்கலாம்: ஒடிசி 2017, இலியட் 2023. நடை எளிது, ஓசையும் உண்டு. மூலத்தின் அடியமைப்புக்கு நெருக்கமாக வேண்டுமென்றால் ரிச்மண்ட் லாட்டிமோர். இவற்றுக்குப் பிறகு, கடவுளரின் பிறப்பைப் பாடிய ஹெசியடையும், கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அர்கோ கப்பல் பயணத்தைப் பாடிய அப்பொலோனியஸையும் படிக்கலாம்.

இலியட்டின் முதல் பகுதி சுமார் 600 அடிகள்தான். துணைக்கு ஒருவரை உட்காரவைத்து வாய்விட்டுப் படியுங்கள். ஒரே மாலையில் முடித்துவிடலாம்.