பழிவாங்கும் நாயகர்கள்: அறிவியல் புனைகதைக்குள் நுழைய ஒரு முழுமையான வழிகாட்டி

வடசென்னைக்குப் பழிவாங்கும் கதை புதிதல்ல. திரையில் அது கத்தியோடு வரும். அறிவியல் புனைகதையில் அதே கோபம் நீர்மூழ்கியாகவும் விண்கலமாகவும் வருகிறது. புழலிலோ மணலியிலோ இருந்துகொண்டு முதல்முறையாக இந்தப் பக்கம் வருபவருக்காக இந்த வரிசை. ஒரு கேள்வியை மட்டும் கடைசிவரை விடாதீர்கள்: இவனுக்கு அநியாயம் செய்தது யார், இவன் அடிப்பது யாரை?

படி 1: தெரிந்த முகத்தில் தொடங்குங்கள்

ஷங்கரின் ‘2.0’ (2018) படத்தை மறுபடி பாருங்கள். பறவைகளுக்காக மன்றாடித் தோற்று உயிரை விட்ட பட்சிராஜன், திரும்பி வந்து முதலில் குறிவைப்பது செல்போன் வியாபாரியையும் தொலைத்தொடர்பு முதலாளியையும் அமைச்சரையும். அதுவரை நம் மனம் அவர் பக்கம்தான். ஊரையே அழிக்கக் கிளம்பும்போதுதான் விலகுகிறோம். செல்போன் அலையால் பறவைகள் சாகின்றன என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தை அடுத்து, எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்து சிறகு கறுத்துப்போன கூழைக்கடாக்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெரியவரின் ஆத்திரத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

படி 2: கேப்டன் நெமோவோடு நிதானமாகப் பழகுங்கள்

இந்த வகையின் மாபெரும் நாயகன் ஓர் இந்தியர். ஜூல்ஸ் வெர்ன் முதலில் அவரை ரஷ்யர்களிடம் குடும்பத்தைப் பறிகொடுத்த போலந்துப் பிரபுவாக நினைத்திருந்தார். பதிப்பாளர் ஹெட்ஸல் ஒப்பவில்லை. அதனால் ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’ (1869–70) நாவலில் நெமோவின் ஊர்பேர் மறைவாகவே இருக்கிறது. ‘மர்மத் தீவு’ (1874–75) வந்தபோதுதான் அவர் புந்தேல்கண்ட் இளவரசர் டக்கார், 1857 கிளர்ச்சியில் எல்லாவற்றையும் இழந்தவர் என்று தெரிகிறது.

இரண்டு காட்சிகளை அவசரப்படாமல் படியுங்கள். ஒன்று, மன்னார் வளைகுடாவில் நடப்பது. முத்துக்குளிக்கும் ஏழை ஒருவனைச் சுறா தாக்குகிறது. நெமோ வெறும் குத்துவாளோடு அதன்மேல் பாய்கிறார். பிழைத்தவன் கையில் ஒரு பை முத்தைத் திணித்துவிட்டுப் போகிறார். ஒடுக்கப்பட்ட நாட்டின் மனிதன் அவன், தானும் அப்படித்தான் என்பது அவர் சொல்லும் காரணம். மற்றொன்று, போர்க்கப்பல் ஒன்றை ஆட்களோடு மூழ்கடித்தபின், தன் அறையில் ஒரு பெண்ணும் இரு குழந்தைகளும் உள்ள படத்தின் முன் மண்டியிட்டு விம்முவது. கொடுத்த கையும் கொன்ற கையும் ஒன்றே. நெமோவை நாம் மறக்காததற்கு அதுதான் காரணம்.

ஒரு எச்சரிக்கை: 1870களில் வந்த ஆங்கில மொழிபெயர்ப்புகள் நெமோவின் ஆங்கிலேய எதிர்ப்பை வெட்டின, மாற்றின. நூலகத்தில் கேட்கும்போது முழுமையான புதிய மொழிபெயர்ப்பாகக் கேளுங்கள்.

படி 3: இரண்டை ஒப்பிடுங்கள்

மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (1818) உயிரி, படைத்தவனே கைவிட்டதால் கொலைகாரனாகிறது. எச்.ஜி. வெல்ஸின் ‘கண்ணுக்குத் தெரியாத மனிதன்’ (1897) கிரிஃபினுக்கு அப்படி ஒரு காயம் இல்லை. அதிகார வெறிதான் இருக்கிறது. முன்னதற்காக அழுவோம், பின்னவன் அடிபடும்போது மூச்சுவிடுவோம். காயம் உண்மையாக இல்லாவிட்டால் பழிக்கு மதிப்பில்லை.

படி 4: கல்லி ஃபாயிலைக் கடைசியில் வையுங்கள்

ஆல்ஃபிரட் பெஸ்டரின் ‘தி ஸ்டார்ஸ் மை டெஸ்டினேஷன்’ (1956) நாயகன் இளவரசனும் அல்ல, விஞ்ஞானியும் அல்ல; கப்பலில் கடைநிலை மெக்கானிக்கின் கையாள். உடைந்த கலத்தில் தனியாகத் தவிக்கும்போது ‘வோர்கா’ என்ற கப்பல் அவனுடைய அபாயக் குறியைப் பார்த்தும் நிற்காமல் போகிறது. எதிலும் ஆசையில்லாமல் கிடந்தவனைக் கோபம் எழுப்பிவிடுகிறது. ஆலை, துறைமுகம், ஒப்பந்த வேலை என்று வாழும் நம் பகுதி வாசகர்களுக்கு நெமோவைவிட இவனே நெருக்கம்.

முகத்தில் குத்திய புலிப் பச்சையை அழித்த பிறகும், ஆத்திரம் வந்தால் அது சிவந்து தெரியும். அதனால் கோபத்தை அடக்கிப் பழகுகிறான். முதலில் அவன் தகர்க்க நினைப்பது கப்பலை. இருண்ட குகைச் சிறையில், முகம் தெரியாத ஒரு பெண் கைதியின் குரல் அவனுக்கு யோசிக்கக் கற்றுக்கொடுக்கிறது: கப்பலை விடு, நிற்காமல் போகச் சொன்னது யார் என்று தேடு. எண்ணூர்க் காற்றைச் சுவாசிப்பவர்களுக்கும் அதே கேள்விதான்; புகைபோக்கியைத் திட்டிப் பயனில்லை.

படி 5: படித்ததைக் கைமாற்றுங்கள்

2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்ற அரங்கு அமைத்து, கைதிகளுக்காகப் புத்தகங்களைத் தானமாகப் பெற்றது. நம் புழலிலும் மத்திய சிறை இருக்கிறது. மறுபடி அப்படி ஓர் அரங்கைக் கண்டால், படித்து முடித்த நெமோவையோ ஃபாயிலையோ அங்கே கொடுத்துவிட்டு வாருங்கள்.